நாயோடு டப்ளின் போக முகவர் வேண்டாம், புதன்கிழமை ஒரு மாத்திரை போதும்

கேள்வி: பாரிஸில் வசிக்கிறோம். அடுத்த மாதம் எங்கள் மூன்று வயது நாயோடு காரில் ஷெர்பூர் போய், அங்கிருந்து கப்பலில் டப்ளினுக்குப் பத்து நாள் விடுமுறைக்குப் போகிறோம். நாய்க்கு ஐரோப்பியக் கடவுச்சீட்டு இருக்கிறது, ரேபிஸ் ஊசியும் போட்டாயிற்று. ஆனால் ஒரு முகவர், "தனியாக உடல்நலச் சான்றிதழ் வேண்டும், இல்லாவிட்டால் நாயைப் பிடித்து வைத்துவிடுவார்கள்" என்று 350 யூரோ கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு சென்ட் கூடக் கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் சான்றிதழ், விற்பதற்காக நாய்களை நாடு விட்டு நாடு கொண்டுபோகிறவர்களுக்கு உரியது. 2021 முதல் பிரிட்டனில் இருந்து வருகிறவர்களும் அதுபோல ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது, அந்தக் குழப்பத்தை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். சொந்த நாயை நீங்களே கூட்டிப்போகும்போது அந்த நீலக் கடவுச்சீட்டுதான் ஆவணம். அதில் முத்திரை குத்தும் அதிகாரம் கால்நடை மருத்துவருக்கு மட்டும்தான் உண்டு, முகவருக்குக் கிடையாது. "எல்லாம் எழுதி ரெடியாக இருக்கிறது" என்று எவராவது கடவுச்சீட்டை நீட்டினால் தொடக்கூட வேண்டாம்.

அந்த முகவர் உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது, நாடாப்புழு மருந்து. நரிகளில் இருக்கும் ஒரு வகை நாடாப்புழு நாய் வழியாக மனிதருக்கு வந்தால் கல்லீரலைப் பாழாக்கும். கிழக்கு பிரான்ஸிலும் தெற்கு ஜெர்மனியிலும் அது உண்டு, அயர்லாந்தில் இல்லை. அதனால் அயர்லாந்து, பின்லாந்து, மால்டா, நார்வே ஆகிய நாடுகளுக்குள் போகும் நாய், போய்ச் சேருவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் பிராசிகுவான்டல் மருந்தை எடுத்திருக்க வேண்டும். இந்த மருந்து அப்போது வயிற்றில் இருக்கும் புழுவைக் கொல்லும், நாளைக்கு வருவதைத் தடுக்காது. அதனால்தான் போன மாதம் கொடுத்த மாத்திரை செல்லாது. நீங்களே வாங்கி வீட்டில் கொடுத்ததும் செல்லாது. மருத்துவர் தன் கையால் கொடுத்து, தேதியோடு நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நேரம் எழுதாமல் விட்டதற்காகத் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்த ஒரு குடும்பம் அழுதுகொண்டே என் கிளினிக்கில் வந்து நின்றது. நாய்க்கு மருந்து கொடுத்தது உண்மை, ஆனால் ஒரு கட்டம் காலி! "ஐந்து நாள்" என்று சாதாரண மனிதருக்குப் புரியும்படி எழுதாமல் 120 மணி நேரம் என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அதற்கு நான் யாரைக் கேட்பது?

சரி, கணக்குப் பார்ப்போம். கப்பல் சனிக்கிழமை காலை 11 மணிக்கு டப்ளின் சேர்கிறது என்றால், திங்கள் காலை 11 முதல் வெள்ளி காலை 11 வரை எப்போது கொடுத்தாலும் செல்லும். நீங்கள் புதன்கிழமைக்கு நேரம் வாங்குங்கள். கப்பல் ரத்தாகி அடுத்த நாளுக்கு மாறினாலும் தாங்கும். ரத்தானதே என்று பிரான்ஸின் கலே துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குள் காரை விட்டால் அங்கேயும் இதே மருந்தைக் கேட்பார்கள், அதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம், "ரேபிஸ் ஊசி போட்டாயிற்று" என்று எழுதியிருக்கிறீர்கள். எதுவரை செல்லும்? முதல் ஊசிக்குப் பிறகு 21 நாள் காத்திருக்க வேண்டும். அடுத்த ஊசியை, முந்தையது காலாவதியாவதற்குள் போட்டால் இந்தக் காத்திருப்பு கிடையாது, அன்றைக்கே கிளம்பலாம். ஆனால் ஒரு நாள் தாண்டினாலும் அது மறுபடி முதல் ஊசிதான், மறுபடி 21 நாள். ஐந்து வருடமாகத் தவறாமல் போட்டவர்களுக்கும் சலுகை இல்லை. "போன கோடையில்தான் போட்டோம்" என்ற ஞாபகத்தை நம்பாதீர்கள். சில ஊசிகள் ஒரு வருடம், சில மூன்று வருடம். கடவுச்சீட்டில் "செல்லுபடியாகும் கடைசி நாள்" என்ற கட்டத்தில் எழுதியிருப்பதுதான் கணக்கு. உங்கள் பயணம் அடுத்த மாதம் என்பதால் இன்றைக்கே திறந்து பாருங்கள், காலாவதியாகியிருந்தால் இந்த வாரமே போட வேண்டும்.

திரும்பி பிரான்ஸுக்கு வர நாடாப்புழு மருந்து தேவையில்லை. புதன்கிழமை மருத்துவரிடம் போகும்போது, நாயின் தோலுக்கடியில் இருக்கும் அடையாளச் சிப்பையும் ஒரு முறை கருவி வைத்து வாசிக்கச் சொல்லி, 15 இலக்கமும் கடவுச்சீட்டில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள், கப்பலில் ஏற்றும் முன் அதைத்தான் பார்ப்பார்கள்.