நீராவிப் படகுக் காலத்தில் ஆற்றுப் படகு கேப்டனின் குடும்ப வாழ்க்கை எப்படி இருந்தது?

அமெரிக்காவின் மிசிசிப்பி, ஒஹையோ ஆறுகளில் ஓடிய நீராவிப் படகில் கேப்டன் என்பவர் சரக்கு, பயணிகள், வேலையாட்கள், வரவு செலவு எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர். பல நேரம் படகும் அவருடையதாகவே இருக்கும். சுக்கான் பிடிப்பது பைலட்டின் வேலை. சொந்தப் பேருந்தில் தானும் கூடவே போகிற முதலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுவதற்குத் தனியாக டிரைவர் உண்டு.

அவர் வீட்டில் தங்க முடியாததற்குக் காரணம் ஆறுதான். கோடையில் தண்ணீர் வற்றினால் படகு மணல்திட்டில் தட்டும், குளிரில் பனிக்கட்டி வழியை அடைக்கும். எப்போது திரும்புவார் என்று அவராலேயே சொல்ல முடியாது. அதனால் மனைவி கரையில் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் படகையே வீடாக்கிக்கொள்ள வேண்டும்.

மேரி பெக்கர் கிரீன் படகைத் தேர்ந்தெடுத்தார். 1890-இல் கேப்டன் கார்டன் கிரீனை மணந்தவர், சுக்கான் அறையில் கணவர் பக்கத்தில் நின்றே ஆற்றின் வளைவுகளைப் படித்தார். சில ஆண்டுகளில் பைலட் உரிமம், அடுத்து கேப்டன் உரிமம். பிறகு ஆளுக்கொரு படகு. மகன் டாம் 1904-இல் பிறந்தது, பனியில் சிக்கி நின்ற படகில்! கார்டன் 1927-இல் இறந்த பிறகும் மேரி ஆற்றை விடவில்லை. 1949-இல் 'டெல்டா குயின்' படகில்தான் அவர் உயிர் பிரிந்தது. எனக்கு இந்தத் தம்பதி மேல் தனி மரியாதை உண்டு.

மேரியின் 'கேப்டன்' பட்டம் கணவருக்காகக் கொடுத்த மரியாதைப் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அது முறைப்படி வாங்கிய உரிமம்.