சுவர் காயட்டும், சாயம் அப்புறம்

வீட்டுப் பராமரிப்பு: வாசகர் கேள்விகள்
பதில் தருபவர், சிங்கப்பூரின் ஜாலான் புசார் வட்டாரத்தில் நெடுங்காலமாகச் சாயக் கடை நடத்தும் பெண்மணி.

கேள்வி: அக்கா, எங்கள் தரைவீட்டுக்கு இரண்டு வருடத்துக்கு முன்புதான் வெளிச்சாயம் அடித்தோம். மேற்குப் பக்கச் சுவரில் அது தோல் தோலாக உரிகிறது. உரிந்த இடத்தில் வெள்ளையாக மாவு மாதிரி இருக்கிறது. "விலை கூடின சாயம் வாங்கிக் கொடுங்கள், நின்றுவிடும்" என்கிறார் சாய வேலை எடுத்துச் செய்யும் குத்தகையாளர். வாங்கலாமா?
– வாசகி, சிராங்கூன் கார்டன்ஸ்

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம் அம்மா. என் கடையில் இருக்கும் எந்த டின்னும் அந்த மாவை நிறுத்தாது. அது உப்பு. செங்கல்லிலும் சிமெண்டிலும் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வெளிப்பக்கம் வருகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு சாயத்துக்கு அடியில் படிகமாகத் தங்கி அதைத் தள்ளும். அப்படியென்றால் உங்கள் சுவருக்குள் எங்கிருந்தோ தண்ணீர் இறங்குகிறது. அதைக் கண்டுபிடிக்கும் வரை மேலே எதைப் பூசினாலும் காசுக்குக் கேடு.

மேற்குச் சுவர் என்றதும் எல்லாரும் வெயிலைக் குறை சொல்வார்கள். வெயிலால் கெட்ட சாயம் வேறு மாதிரி இருக்கும். உள்ளங்கையால் தேய்த்தால் சுண்ணக்கட்டி போலச் சாயத்தின் நிறத்திலேயே தூள் ஒட்டும். உங்கள் சுவரில் அடியிலிருந்து கிளம்புகிறது, அதனால் தண்ணீரைத்தான் தேட வேண்டும்.

மேலிருந்து கீழாகத் தேடுங்கள். கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாயில் இலை அடைத்திருந்தால் தண்ணீர் வழிந்து சுவரோடு இறங்கும். கைப்பிடிச் சுவரின் தலையில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். சன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சிமெண்ட் பலகையின் அடிப்பக்கத்தைத் தடவினால் ஒரு பள்ளக்கோடு தட்டுப்பட வேண்டும். மழைத்தண்ணீர் அந்தக் கோட்டில் சொட்டிக் கீழே விழும். முந்தின சாயக்காரர் அதைச் சிமெண்டால் அடைத்திருந்தால் தண்ணீர் நேராகச் சுவருக்குத் திரும்பும். ஏர்கான் தண்ணீர்க் குழாயின் முனை சுவரை நனைக்கிறதா என்றும் பாருங்கள். அது நான் அடிக்கடி கேள்விப்படும் காரணம், அரை மீட்டர் குழாய் நீட்டினால் தீர்ந்துவிடும். இதெல்லாம் சரியாக இருந்தால், அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறை இருக்கிறதா என்று யோசியுங்கள்.

தண்ணீரை நிறுத்தியபின் உரிந்ததைச் சுரண்டி எடுங்கள். உப்பைக் காய்ந்த தூரிகையால் தேய்த்து உதிர்க்க வேண்டும். முதலிலேயே கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போய்விடும். பிறகு காயவிடுங்கள். சுவர் காய்ந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் அடைத்து ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, காத்திருங்கள். புதிதாகச் சிமெண்ட் பூசிய இடமென்றால் 28 நாள் விட வேண்டும்; பச்சைச் சிமெண்டின் காரம் சாயத்தைத் தின்றுவிடும்.

அப்புறம் காரத்தைத் தாங்கும் சீலர் என்கிற அடிப்பூச்சு ஒரு கை (ஒரு தடவை), மேல்சாயம் இரண்டு கை. குத்தகையாளர் சீலரை விட்டுவிடலாம் என்றால் சம்மதிக்காதீர்கள். நல்ல சீலர் அடித்த சுவரில் நடுத்தர விலைச் சாயமே நன்றாக நிற்கும்.

கேள்வி: தீபாவளிக்கு முன்னால் வெளிச்சுவருக்குச் சாயம் பூசிவிட வேண்டும் என்று என் மாமியார் சொல்கிறார். அக்டோபரில் ஆள் வைக்கலாமா?
– வாசகர், அப்பர் தாம்சன்

பதில்: மாமியாரின் ஆசை நியாயமானது, தம்பி. பண்டிகைக்கு வீடு புதுசாக இருக்கத்தான் வேண்டும். ஆனால் அக்டோபர், நவம்பரில் இங்கே மத்தியானத்துக்கு மேல் இடி மழை வழக்கம். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை சில சமயம் நாள்கணக்கில் விடாது. காயாத சாயத்தின் மேல் மழை விழுந்தால் கோடு கோடாக வழிந்து வடு நிற்கும்.

எனக்குப் பிடித்த காலம் பிப்ரவரியும் மார்ச் தொடக்கமும். வடகிழக்குப் பருவத்தின் வறண்ட பாதி அது. சீனப் புத்தாண்டுக்கு முன்பு சாயக்காரர்களைப் பிடிக்கவே முடியாது. பண்டிகை முடிந்த கையோடு கூப்பிட்டால் நிதானமாக வேலை செய்வார்கள். அவ்வளவு நாள் பொறுக்க முடியாதென்றால் ஜூலையில் கழுவி, விரிசல் அடைத்து, ஆகஸ்டில் சாயம் பூசுங்கள். அந்த மாதங்களில் விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து திடீர்க் காற்றுமழை வரும். அன்றைக்குச் சுவர் காய்ந்தபிறகுதான் தொடங்க வேண்டும். புகைமூட்டம் இருக்கும் நாளிலும் வேண்டாம், ஈரச் சாயத்தில் தூசு ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. வெயில் நேராக அடிக்கும் சுவரில் பூசக் கூடாது. சாயம் பரவுவதற்கு முன்பே காய்ந்து ரோலர் தடம் தெரியும். காலையில் மேற்குச் சுவர், மத்தியானத்துக்கு மேல் கிழக்குச் சுவர். இப்படி நிழலோடு போகும் சாயக்காரர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

அக்டோபரில் தீபாவளிக்கென்று ஏதாவது செய்தே ஆக வேண்டுமென்றால் வாசல் கேட்டும் கூரைக்குக் கீழே இருக்கும் முன்தாழ்வாரமும் செய்யலாம். விருந்தாளி கண்ணில் முதலில் படுவது அதுதான்.

கேள்வி: மரத்தடிப் பக்கச் சுவரில் செங்காவி நிறத்தில் கறை பரவுகிறது. துருவா?
– வாசகி, ஜாலான் காயு

பதில்: துரு இல்லை, உயிருள்ள பாசி. டிரெண்டெபோலியா என்று பெயர். பச்சைப்பாசி இனம்தான், கேரட்டில் இருப்பது போன்ற நிறமி அதில் நிறைய இருப்பதால் ஆரஞ்சாகத் தெரிகிறது. நம் ஊர் ஈரத்தில் பழைய கட்டடங்களில் நிறையவே பார்க்கலாம். இதன் மேல் நேராகச் சாயம் பூசினால் அது அடியில் செத்துப் பொடியாகும், சாயமும் சேர்ந்து விழும்.

ஒரு பங்கு வீட்டு பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து பூசி, கால் மணி நேரம் விட்டு, தேய்த்துக் கழுவுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பக்கத்துச் செடிகளை முதலில் நன்றாக நனைத்து மூடிவிடுங்கள். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு பிளீச்சைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். மரக்கிளையைக் கொஞ்சம் வெட்டிக் காற்றும் வெளிச்சமும் விட்டால் பாசி திரும்பி வர நாளாகும்.

கேள்வி: ஈசூன் வீவக (வீட்டு வசதி வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் தாழ்வாரத்துப் பக்கச் சுவருக்கு வெளிர் மஞ்சள் பூசலாமா?
– வாசகர், ஈசூன்

பதில்: அது பொது இடத்துச் சுவர் ஐயா, நகர மன்றத்தின் பொறுப்பு. கேட்காமல் பூசாதீர்கள். உங்கள் வீட்டு இரும்புக் கேட்டில் மஞ்சளை ஆசை தீர அடியுங்கள். துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பிரைமர் பூசியபிறகு.

கேள்வி: தாத்தா காலத்துக் கடைவீடு ஒன்று எங்கள் குடும்பத்துக்கு இருக்கிறது. கீழ்ச்சுவரில் இடுப்பு உயரத்துக்கு எப்போதும் ஈரக்கறை. தண்ணீர் புகாத கெட்டியான சாயம் பூசினால் நிற்குமா?
– வாசகர், லிட்டில் இந்தியா

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதுகிறேன் என்று சொல்லலாம், அவ்வளவு கடைவீடுகள் இப்படிக் கெட்டுப்போவதைப் பார்க்கிறேன்.

அந்தக் காலத்துச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். தரையிலிருந்து ஈரம் ஏறும். சுண்ணாம்பு அதை வெளியே விட்டுக் காயவைத்துக்கொள்ளும். அதன் மேல் சிமெண்ட் பூசி, ரப்பர் போன்ற சாயத்தால் மூடினால் ஈரத்துக்கு வழி இல்லை. முழங்கால் உயரத்தில் நின்ற ஈரம் இடுப்புக்கு ஏறும், உப்பு செங்கல்லையே பொடியாக்கும். உங்கள் கறை இடுப்பு வரை வந்திருப்பதால், முன்பே யாரோ சிமெண்ட் பூசியிருப்பார்களோ என்று சந்தேகப்படுகிறேன். ஒரு மூலையில் சுரண்டிப் பாருங்கள். சுண்ணாம்பு கத்திக்கு மெதுவாக உதிரும், சிமெண்ட் கெட்டியாக எதிர்க்கும். சிமெண்டாக இருந்தால், பழைய கட்டடம் தெரிந்த ஆளைக் கொண்டு அதை நீக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசி, மூச்சுவிடும் சிலிக்கேட் கனிமச் சாயமோ சுண்ணாம்போ அடியுங்கள். விலை கூடத்தான். ஆனால் தாத்தா விட்டுப்போன சுவர் நிற்கும்.

லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே வேலைக்கு முன் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வழிகாட்டிக் குறிப்புகளைப் பார்த்துவிடுங்கள். முகப்பில் பழைய பூவோடுகளோ, கல்துகள் பதித்த ஷங்காய் பிளாஸ்டரோ இருந்தால் அவற்றின் மேல் ஒரு சொட்டுச் சாயமும் படக் கூடாது. நிறம் உங்கள் விருப்பம். காவி, செம்மண் போன்ற இரும்புத்தாது நிறங்கள் நம் வெயிலில் சீக்கிரம் வெளுக்காது, பளீர் சிவப்பும் பளீர் மஞ்சளும் வெளுக்கும்.

கேள்வி: மூன்று பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் மட்டும் மிகவும் குறைவாகச் சொல்கிறார். எப்படி முடிவு செய்வது?
– வாசகி, செம்பவாங்

பதில்: எத்தனை லிட்டர் சாயம் என்று கேளுங்கள். ஒரு லிட்டர் ஒரு கைக்கு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் வரும். 120 சதுர மீட்டர் சுவர், இரண்டு கை என்றால் 24 லிட்டர். 20 லிட்டர் டின் ஒன்று, 5 லிட்டர் டின் ஒன்று. சொரசொரப்பான சுவர் இன்னும் குடிக்கும். ஒரே 20 லிட்டர் டின்னில் முடித்துவிடுகிறேன் என்பவர் தண்ணீரைக் கூட்டப்போகிறார், அல்லது ஒரு கையோடு நிறுத்தப்போகிறார். கழுவுவது, சுரண்டுவது, விரிசல் அடைப்பது, சீலர் எல்லாம் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். விரிசலுக்குச் சாதாரண சிலிக்கான் வேண்டாம், அதில் சாயம் ஒட்டாது.

அப்புறம் சாரம். இரண்டு மாடி வீட்டுக்குச் சாரம் இல்லாமல் வெறும் ஏணியை வைத்து விலை சொல்பவர் மிச்சம் பிடிப்பது ஒரு தொழிலாளியின் உயிரில். 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய வேலை அபாயமான வேலை என்று உயரப் பணி விதிமுறைகளே சொல்கின்றன. அந்தச் சுவரில் தொங்கப்போவது ஊரில் ஒரு குடும்பம் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் பையன். சாரமும் பாதுகாப்பு வாரும் விலையில் இருக்கிறதா என்று தயவுசெய்து கேளுங்கள். இல்லையென்றால் அந்த விலை குறைவான விலையே இல்லை.

கேள்வி: மிச்சச் சாயத்தை என்ன செய்வது? ரோலர் கழுவிய தண்ணீரை வீட்டு முன் கால்வாயில் ஊற்றலாமா?
– வாசகர், பிடோக்

பதில்: ஊற்றக் கூடாது. இந்தத் தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. உங்கள் வாசல் கால்வாயில் போகிற தண்ணீர் நீர்த்தேக்கத்துக்குப் போகலாம். ரோலரில் இருப்பதை முதலில் பழைய செய்தித்தாளில் நன்றாக வழித்துவிட்டு, வீட்டுக்குள் இருக்கும் கழுவுதொட்டியில் கழுவுங்கள். காலி டின்களை வெளியே நிமிர்த்தி வைக்காதீர்கள். மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வந்துவிடும்.

மிச்சத்தில் ஒரு லிட்டரை இறுக மூடி நிழலில் வையுங்கள், சிறு கீறல்களுக்கு ஆகும். மூடியில் நிற எண்ணையும், எந்தச் சுவர் என்பதையும், பூசிய மாதத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள். வேண்டாததைத் திறந்துவைத்து முழுக்கக் காய்ந்தபிறகு குப்பையில் போடலாம்.