மாத்திரை தொடங்கிப் பத்து நாள், குணம் தெரியவில்லையே?

கேள்வி: எனக்கு வயது 34. பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, 12 மணி நேர ஷிப்ட். மனச்சோர்வுக்கு அரசாங்க கிளினிக்கில் செர்ட்ராலின் 50 மில்லிகிராம் கொடுத்தார்கள். பத்து நாளாகக் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு. படபடப்புகூட அதிகமாகியிருக்கிறது. மனசு அப்படியேதான் இருக்கிறது. “பழகிப்போயிடும், நிறுத்திடு” என்கிறார் அம்மா. நிறுத்தலாமா? – வாசகி, பினாங்கு

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்த மருந்தில் தொல்லை முந்திக்கொள்ளும், பலன் பின்னால்தான் வரும். பலர் கைவிடுவதும் இந்தக் கட்டத்தில்தான். குமட்டலும் வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். சாப்பிட்ட பின் போட்டால் குமட்டல் குறையும். மனம் லேசாவது தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், நன்றாகத் தெரிய ஆறு வாரம்கூட ஆகலாம். பலருக்கு முதலில் சீராவது தூக்கமும் பசியும்தான்.

படபடப்பை மட்டும் கவனியுங்கள். அது தாங்க முடியாமல் போனாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தாலோ, அடுத்த தவணைவரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். நள்ளிரவில் பேச ஆள் வேண்டுமென்றால் மனக்கவலையைக் கேட்கும் தொண்டு அமைப்பான பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. ஆபத்து என்றால் 999.

ஷிப்ட் மாறும்போது நேரம் குழம்பும். மாலை ஏழு மணி வாக்கில் வைத்துக்கொள்ளலாம்: பகல் வேலையென்றால் வீடு வந்து சாப்பிட்ட பின், இரவு வேலையென்றால் சாப்பிட்டுக் கிளம்பும் முன். ஒரு மணி நேரம் முன்பின் ஆனால் பரவாயில்லை. தூக்கம் கெட்டால் மருத்துவரிடம் கேட்டு நேரத்தை மாற்றுங்கள். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள்.

தலைவலிக்குப் பனடோல் போதும். மாதவிடாய் வலிக்கு நம்மில் பலர் கைவைக்கும் போன்ஸ்தான், அப்புறம் ஐபுபுரோஃபென் எல்லாம் இதோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு கூடும். டிராமடோல் மாத்திரை, சில இருமல் மருந்துகள், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை ஆகியவையும் ஒத்துவராது. பார்மசியில் எதை வாங்கினாலும் செர்ட்ராலின் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். ஜாமு, நாட்டு மருந்து குடிப்பவராக இருந்தால் பாக்கெட்டையே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். மதுவைத் தவிர்ப்பது நல்லது.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். இது போதை மருந்து இல்லை. இன்னும் வேண்டும் என்ற வெறியும் வராது. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடிப்பது போன்ற உணர்வு வரலாம். அதனால்தான் மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். அதுவும் இப்போது இல்லை. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும்.

இன்னொன்று, கேட்கக் கூச்சப்பட்டிருப்பீர்கள்: தாம்பத்தியத்தில் நாட்டம் குறையலாம். இதைச் சொல்லாமலேயே மருந்தை நிறுத்துபவர்கள் நிறைய. மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்ற வழி இருக்கிறது. கர்ப்பமாகும் திட்டம் இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.