அதிபர் பக்கம் நிற்கும் படை

கேள்வி: ஒரு கற்பனை நாட்டில் இன்றைய காலத்து உள்நாட்டுப் போர் நடப்பதாக நாவல் எழுதுகிறேன். அரசுக்கு விசுவாசமான ராணுவத்தை எப்படிக் காட்டலாம்?

பதில்: ஒரே கட்டுக்கோப்பான படையாக மட்டும் காட்டிவிடாதீர்கள். சிரியாவைப் பாருங்கள். 2011-ல் போர் தொடங்கியதும் ஆயிரக்கணக்கான வீரர்கள் ஓடிப்போனார்கள், அதனால் அன்றைய அதிபர் பஷார் அல்-அசாத் தன் குடியரசுக் காவல்படை, தம்பி மாஹர் கையில் இருந்த 4-வது கவசப் பிரிவு என்று நம்பிக்கையான சிலவற்றை வைத்துத்தான் முக்கியச் சண்டைகளை நடத்தினார், மற்ற ஊர்களுக்கு உள்ளூர் ஆட்களைத் திரட்டிய தேசியப் பாதுகாப்புப் படை, அப்புறம் துணைக்கு லெபனானின் ஆயுதக் குழுவான ஹிஸ்புல்லா, ஈரான், 2015 செப்டம்பரிலிருந்து ரஷ்ய விமானங்கள்.

என்னைக் கேட்டால் சம்பளம்தான் முக்கியம். கட்டாயச் சேவையில் வருடக்கணக்கில் மாட்டிக்கொண்ட சிப்பாய்க்குக் கிடைத்த பணம் குடும்பத்தின் சாப்பாட்டுக்கே போதாது, பாவம். 2024 டிசம்பர் 4 அன்று நிரந்தரப் பணியில் இருந்த வீரர்களுக்கு 50 சதவீத உயர்வு அறிவித்தார் அசாத். அதற்குள் அலெப்போ நகரம் கிளர்ச்சியாளர்கள் கைக்குப் போய்விட்டது. 8-ஆம் தேதி தலைநகர் டமாஸ்கஸும் விழுந்தது. பலர் சண்டையே போடாமல் சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். உங்கள் அதிபரின் படையில் எந்தப் பிரிவுக்கு யார் சம்பளம் தருகிறார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், மிச்சத்தை அப்புறம் எழுதலாம்.