கசாண்ட்ராவை மன்னிக்க முடியவில்லை

கேள்வி: அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். வயது 61. ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படம் ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் நாவலைத் தழுவியது என்று கேள்விப்பட்டு அவரைப் படிக்க ஆரம்பித்தேன். கணவர் போன பிறகு அந்த ஆறு நாவல்கள்தான் எனக்குத் துணை. ஜேன் வீட்டு எட்டுப் பிள்ளைகளின் கதையும் எனக்கு மனப்பாடம். டிசம்பர் 16, அவர் பிறந்தநாளுக்குப் பாயசம் வைப்பேன். போன வருடம் மருமகள், “அத்தை, உங்க பேத்தி பிறந்தநாள் மறந்துபோச்சு, அந்தம்மா பிறந்தநாள் மட்டும் ஞாபகம் இருக்கா?” என்று கேட்டுவிட்டாள். எனக்கு என்ன, பைத்தியமா? இன்னொன்று. அக்கா கசாண்ட்ரா தங்கையின் கடிதங்களை எரித்ததை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. நினைத்தால் தூக்கம் வருவதில்லை.
- பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தூக்கத்தைக் கெடுப்பது அதுதானே.

1817 ஜூலை, வின்செஸ்டர், காலேஜ் தெருவில் ஒரு வாடகை வீடு. கடைசி இரவில் ஜேனின் தலை படுக்கையிலிருந்து சரிந்தபடி இருக்கிறது. கசாண்ட்ரா மடியில் தலையணையை வைத்து, அந்தத் தலையைத் தாங்கியபடி ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். உடம்பு தாங்காமல் அண்ணியிடம் இரண்டரை மணி நேரம் விட்டார். திரும்ப வந்து உட்கார்ந்த ஒரு மணி நேரத்தில் உயிர் போயிற்று. கண்ணை மூடிவிட்டதும் அவர்தான். அடக்கத்துக்கு அவர் போகவில்லை. நம் வீடுகளைப் போலவே அங்கும் அப்போது பெண்கள் போகும் வழக்கம் இல்லை. ஜன்னலில் நின்று, ஊர்வலம் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். ‘என் வாழ்வின் சூரியன் அவள்’ என்று அண்ணன் மகள் ஃபேனிக்கு எழுதினார்.

இப்படிப்பட்டவர் 1843 வாக்கில், எழுபது வயதில், கடிதக் கட்டைப் பிரித்து உட்கார்கிறார். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாகப் பத்திரமாக வைத்திருந்த கட்டு. நிறைய எரித்தார், சிலவற்றில் வரிகளை வெட்டி எடுத்தார், மீதியைச் சொந்தக்காரப் பெண்களுக்குக் கொடுத்தார். நம் கைக்கு வந்திருக்கும் சுமார் 160 கடிதங்களில் பெரும்பாலானவை கசாண்ட்ராவுக்கு எழுதப்பட்டவை. அவர் மிச்சம் வைத்ததால்தான் நீங்களும் நானும் படிக்கிறோம்.

1813 ஜனவரி கடைசியில் ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவல் அச்சாகி, ஜேன் குடியிருந்த சாட்டன் ஊர் வீட்டுக்கு வந்தது உங்களுக்குத் தெரியும். அன்று சாப்பிட வந்திருந்த மிஸ் பென் என்ற ஊர்க்காரப் பெண்மணிக்கு, எழுதியது யாரென்று சொல்லாமலே உரக்க வாசித்துக் காட்டினார்கள். அம்மா கடகடவென்று வாசித்துக்கொண்டு போய்விடுகிறார், பாத்திரங்கள் பேசவேண்டிய மாதிரி அவருக்குப் பேச வரவில்லை என்று ஜேன் குறைப்பட்டுக்கொண்டார். யாரிடம்? கசாண்ட்ராவிடம். அம்மாவைப் பற்றிய அந்தக் குறையைக்கூட அக்கா எரிக்கவில்லையே!

என் சித்தி சாவதற்கு முன்வருஷம் ஒரு கட்டுக் கடிதங்களை வெந்நீர் அடுப்பில் போட்டார். நான் பக்கத்தில் நின்று சண்டை போட்டேன். “அதெல்லாம் எனக்கு எழுதினதுடி” என்றார், அவ்வளவுதான். இப்போது என் அலமாரியிலும் ஒரு கட்டு இருக்கிறது. என்ன செய்யப்போகிறேன் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கசாண்ட்ராவுக்கும் அவை தனக்கு வந்த கடிதங்கள். நாம் அப்போது யார்?

உங்களுக்குக் கோபப்பட்டே ஆகவேண்டும் என்றால் ஜேனின் அண்ணன் ஜார்ஜுக்காகப் படுங்கள். எட்டுப் பேரில் இரண்டாவது பிள்ளை. வலிப்பு வரும். வீட்டில் வளரவில்லை, வேறொரு குடும்பத்தின் பராமரிப்பில் விட்டார்கள். 1838 வரை இருந்தார், அதாவது தங்கை போய் 21 வருஷம் கழித்தும். ஆனால் 1870-இல் அண்ணன் மகன் எழுதிய ஆஸ்டின் வரலாற்றில் அவர் பெயரே கிடையாது. கடிதம் எரிந்ததைவிட இதுதான் எனக்கு வலிக்கிறது. இந்தக் குடும்பத்தை நேசிக்கிறேன் என்கிறீர்கள். அவரையும் சேர்த்து நேசியுங்கள்.

சரி, முதல் கேள்வி. பைத்தியம் இல்லை. தனிமையில் ஆறு புத்தகங்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நான்கு பேருக்குத் தொல்லை இல்லாமல் வாழ்வதில் என்ன தப்பு? பாயசத்தை நிறுத்தாதீர்கள். ஆனால் பேத்தியின் பிறந்தநாளை மறந்தது தப்பு. மருமகளுக்குப் பாயசத்தின்மேல் கோபம் இல்லை. தன் பெண்ணை யாரும் நினைக்கவில்லையே என்ற வருத்தம் அது. “மறந்துட்டேம்மா, தப்புதான்” என்று அவளிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். ஜேனைக் காரணம் காட்டாதீர்கள்.

அப்புறம், நீங்கள் தனியாக, மனதுக்குள் படிக்கிறீர்கள். ஜேன் வீட்டில் சாயங்காலம் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிஷம், உங்கள் பேச்சிலேயே, தமிழில் பேத்திக்குக் கதை சொல்லிப்பாருங்கள். ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலில் வரும் பென்னட் அம்மாவின் புலம்பலை நடித்துக்காட்டினால் அடுப்படியில் இருக்கும் மருமகளுக்கும் காது இந்தப் பக்கம் திரும்பும். வேகமாக மட்டும் சொல்லாதீர்கள், ஜேனுக்குப் பிடிக்காது.

பேத்தியிடம் சொல்ல உங்கள் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், வீட்டில் சொல்லியிருக்கிறீர்களா? ஜேனின் அத்தை ஃபிலடெல்ஃபியா. தாய் தகப்பன் இல்லாதவர், சீர் கொடுக்கப் பணம் இல்லை. 1752-இல், 22 வயதில், மாப்பிள்ளை தேடித் தனியாகக் கப்பலேறி மதராஸ் வந்தார். அப்போது அங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும், அலைமேல் படகில் வந்துதான் இறங்கவேண்டும். அடுத்த வருஷம் ஹான்காக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி வைத்தியருக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். நடந்தது கடலூரில். ஜேன் பதினாறு வயதில் எழுத ஆரம்பித்து முடிக்காமல் விட்ட ‘காத்தரின்’ கதையில் ஒரு பெண்ணை இப்படித்தான் வங்காளத்துக்கு அனுப்பிக் கட்டிவைக்கிறார்கள். அவள் அங்கே சந்தோஷமாக இல்லை.

ஹான்காக் வேலை பார்த்த புனித டேவிட் கோட்டையில் மிச்சம் இருப்பது தேவனாம்பட்டினத்தில்தானே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு போங்கள். மருமகளையும் கூப்பிடுங்கள். சாயங்காலமாகப் போங்கள், மத்தியானத்தில் அந்த மணல் காலைச் சுடும்.