வாட்ச்மென் ஆறாவது எபிசோட்: கழுத்தில் ஏன் அந்தக் கயிறு?

முகமூடி வீரர்களைப் பற்றிய காமிக்ஸின் தொடர்ச்சியாக எச்பிஓ எடுத்த ‘வாட்ச்மென்’ தொடரில் 2019 நவம்பர் 24 அன்று வந்த ஆறாவது எபிசோட் ‘திஸ் எக்ஸ்ட்ராஆர்டினரி பீயிங்’ பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. கதையை மறைக்காமல்தான் பேசப் போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: அக்கா, முதல் பத்து நிமிடம் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. ஏஞ்சலா எப்படி திடீரென்று 1930-களுக்குப் போனாள்? ஏன் எல்லாம் கறுப்பு வெள்ளையில் இருக்கிறது?

ஐந்தாவது எபிசோடின் கடைசிக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். எஃப்பிஐ அதிகாரி லாரி பிளேக் கைது செய்ய வரும்போது, கதையின் நாயகியான துல்சா போலீஸ்காரி ஏஞ்சலா ஒரு குப்பி மாத்திரையை அப்படியே வாயில் கொட்டிக்கொள்கிறாள். அதன் பெயர் நாஸ்டால்ஜியா. ஒருவருடைய நினைவுகளையே மாத்திரையாக்கி அவருக்குக் கொடுப்பார்கள். ஞாபகமறதி உள்ளவர்களுக்காக உண்டாக்கி, பிறகு தடை செய்யப்பட்ட மருந்து. ஏஞ்சலா விழுங்கியது அவளுடைய நினைவுகளை அல்ல, தாத்தா வில் ரீவ்ஸுடைய நினைவுகளை. அதனால் இளம் வயது வில்லாக நடித்த ஜோவன் அடேப்போ நடந்துகொண்டே இருப்பார், கேமரா ஒரு சுற்று சுற்றி வரும்போது அதே இடத்தில் ஏஞ்சலாவாக நடித்த ரெஜினா கிங் நிற்பார்.

கறுப்பு வெள்ளையைக் ‘கடந்த காலம்’ என்ற அடையாளத்துக்காக மட்டும் வைக்கவில்லை என்று நினைக்கிறேன். சிறு வயதில் துல்சா தியேட்டரில் வில் பார்த்து மயங்கியது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். தன் வாழ்க்கையை அவர் அந்தப் படம் போலத்தான் நினைவில் வைத்திருக்கிறார். அந்தத் தியேட்டரில் பியானோ வாசித்த அம்மா இந்த நினைவுகளுக்கு நடுவிலும் வந்து வாசிக்கிறார், பாருங்கள்.

கேள்வி: நான் காமிக்ஸ் படித்தே வளர்ந்தவன். அதில் வரும் முதல் முகமூடி வீரரான ஹூடட் ஜஸ்டிஸ் ஒரு வெள்ளைக்காரர். காமிக்ஸில் கண்ணைச் சுற்றித் தெரியும் தோல்கூட வெள்ளைதான். வில்தான் அவர் என்று காட்டி அவரைக் கறுப்பராக மாற்றியது ஆலன் மூரின் கதைக்குச் செய்த துரோகம் இல்லையா?

இதே கேள்வியைப் பலரும் கேட்டிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் 1986-87-ல் 12 இதழ்களாகக் கொண்டுவந்த காமிக்ஸில் ஹூடட் ஜஸ்டிஸ் யார் என்பது கடைசிவரை தெரியாது. ரோல்ஃப் முல்லர் என்ற சர்க்கஸ் பலசாலியாக இருக்கலாம் என்பது ஹோலிஸ் மேசன் என்ற பாத்திரத்தின் ஊகம் மட்டும்தான். அந்த முகமூடியை மூர் கழற்றவே இல்லை. தொடர் எடுத்தவர்கள் அவர் விட்டுவைத்த காலி இடத்துக்குள்தான் நுழைந்திருக்கிறார்கள். எழுதி முடித்த எதையும் அழிக்கவில்லை.

இப்போது அந்த உடையை நினைத்துப் பாருங்கள். தலையை மூடிய முக்காடு, கழுத்தில் தடித்த கயிறு, அதில் தூக்குச் சுருக்கு. அமெரிக்காவில் மரத்தில் தூக்குக் கயிறு கட்டிக் கறுப்பர்களைக் கொன்றார்கள் என்பது உலகத்துக்கே தெரியும். முகத்தை மூடிய வெள்ளை அங்கிக்காரர்கள் கு கிளக்ஸ் கிளான் என்ற நிறவெறிக் கும்பல் என்பதும் தெரியும். ஆனால் ‘இந்த மனிதர் ஏன் தூக்குக் கயிற்றை மாட்டிக்கொண்டு திரிகிறார்?’ என்று 33 வருடமாக நாம் எத்தனை பேர் கேட்டிருப்போம்? நான் கேட்கவில்லை. மிரட்டலுக்காகப் போட்ட வேஷம் என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். இந்த எபிசோட்தான் அந்தக் கேள்வியைக் கேட்டது. அவர் அதைத் தேடிப் போய் மாட்டிக்கொள்ளவில்லை, அவர் கழுத்தில் அதை மாட்டிவிட்டார்கள்.

வில் நியூயார்க் போலீஸ்காரர். ஒரு யூதரின் கடையைக் கொளுத்தியவனைப் பிடித்துக் கொடுக்கிறார். அவன் சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிடுகிறான். சில நாளில் சக போலீஸ்காரர்கள் மூன்று பேர் வில்லை அடித்து, தலையில் முக்காட்டை மாட்டி, மரத்தில் தூக்கிக் கட்டுகிறார்கள். உயிர் போகும் நேரத்தில் அறுத்துவிட்டு எச்சரித்துப் போகிறார்கள். அறுபட்ட கயிறு கழுத்தில் தொங்க, முக்காட்டைக் கையில் பிடித்தபடி அவர் வீட்டுக்கு நடக்கும் வழியில் ஒரு கணவன் மனைவியைச் சிலர் தாக்குகிறார்கள். முக்காட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு உள்ளே பாய்கிறார். ஹூடட் ஜஸ்டிஸ் பிறந்தது அங்கேதான்.

கண்ணைச் சுற்றிய வெள்ளைத் தோலுக்கும் பதில் இருக்கிறது. முக்காட்டுக்குள் இருப்பவன் தங்களில் ஒருவன் என்று ஊர் நம்பினால்தான் நீ வீரனாக இருக்க முடியும் என்று மனைவி ஜூன் சொல்கிறாள். வில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கண்ணைச் சுற்றி வெள்ளைச் சாயம் பூசிக்கொள்கிறார். நீங்கள் சுட்டிக்காட்டிய அந்தத் தோல் நிறத்தையே கதைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். காமிக்ஸைக் கட்டம் கட்டமாக உட்கார்ந்து படித்தவர்களால்தான் இப்படிச் செய்ய முடியும்.

கேள்வி: தூக்கிலிடும் காட்சியை அவ்வளவு நேரம் காட்ட வேண்டுமா? நான் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன்.

நீங்கள் எழுந்து போனதில் எந்தத் தவறும் இல்லை. எனக்கும் கை நடுங்கியது.

ஆனால் கேமரா எங்கே இருக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். இப்படிப்பட்ட காட்சிகளில் வழக்கமாகக் கூட்டத்தோடு நின்று தொங்குகிற உடலைப் பார்ப்போம். இங்கே நாம் முக்காட்டுக்குள் இருக்கிறோம். துணி வாயோடு ஒட்டுகிறது, மூச்சு நம் காதுக்குள் கேட்கிறது. வேடிக்கை பார்ப்பவராக இருக்க நமக்கு வழியே விடவில்லை இயக்குநர் ஸ்டீபன் வில்லியம்ஸ். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட கொலைகளைப் புகைப்படம் எடுத்துத் தபால் அட்டையாக விற்றிருக்கிறார்கள். அந்தப் படங்களில் உடலுக்குக் கீழே கூட்டம் நின்று கேமராவைப் பார்க்கும். அந்தப் பார்வைக் கோணத்தைத் திருப்பி வைத்ததற்காகவே இந்தக் காட்சியை மதிக்கிறேன்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன் அக்கா. துல்சா படுகொலை உண்மையா, தொடருக்காகக் கற்பனை செய்ததா?

உண்மைதான் தம்பி. 1921 மே 31, ஜூன் 1 தேதிகளில், ஓக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகரில், கிரீன்வுட் என்ற பகுதியில் நடந்தது. கறுப்பர்கள் கடை, ஹோட்டல், தியேட்டர் என்று சொந்தமாக நடத்தி வளர்த்த இடம். ‘கறுப்பு வால் ஸ்ட்ரீட்’ என்று பெயர். லிஃப்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டதாக ஒரு கறுப்பு இளைஞன்மேல் புகார் எழுந்தது, அதைச் சாக்காக வைத்துக் கும்பல் இறங்கியது. ஏறத்தாழ 35 தெருக் கட்டங்கள் எரிந்தன. இறந்தவர்கள் 300 பேர்வரை இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். விமானங்கள் மேலே பறந்ததும் உண்மை, தொடரில் காட்டும் டிரீம்லேண்ட் தியேட்டரும் உண்மை. இதை முதன்முதலாக இந்தத் தொடரில்தான் கேள்விப்பட்டோம் என்று அமெரிக்கர்களே நிறையப் பேர் சொன்னார்கள். பள்ளிப் பாடத்தில் அது அவ்வளவு காலம் இல்லாமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னும் இரண்டு உண்மை மனிதர்கள் இருக்கிறார்கள். துல்சா தியேட்டரில் ஓடும் படம் கற்பனை, ஆனால் அதன் நாயகன் பாஸ் ரீவ்ஸ் நிஜம். அடிமையாகப் பிறந்து 1875-ல் துணை மார்ஷல் ஆனவர், 3,000 பேருக்கு மேல் கைது செய்தவர். வில் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது அவர் பெயரைத்தான். அப்புறம், வில் போலீஸில் சேரும் நாளில் பேட்ஜ் குத்திவிடுகிற கறுப்பு அதிகாரி சாமுவேல் பேட்டில். 1911-ல் நியூயார்க் போலீஸில் சேர்ந்து, 1935-ல் லெஃப்டினன்ட் ஆனவர். மேலதிகாரி வில்லைத் தாண்டிப் போய்விடுகிறார், பேட்டில்தான் வந்து குத்துகிறார். குத்தும்போது காதில் ஒரு எச்சரிக்கையும் சொல்கிறார்.

கேள்வி: சைக்ளாப்ஸ் என்ற ரகசிய நிறவெறிக் கும்பல் சினிமா புரொஜெக்டரை வைத்துக் கறுப்பர்களை வசியம் செய்து அடித்துக்கொள்ள வைப்பதெல்லாம் கொஞ்சம் ஓவர் இல்லையா?

எனக்கும் அந்த இடம் முழுத் திருப்தி தரவில்லை. தூக்குக் காட்சிவரை வந்ததெல்லாம் உண்மையில் நடந்திருக்கக்கூடியது. வசியம் வந்ததும் கதை காமிக்ஸ் வில்லனிடம் போய்விடுகிறது. நிறவெறிக்கு மந்திர யந்திரம் தேவையே இல்லை. அந்தப் போலீஸ்காரர்களிடம் இருந்தது ஒரு கயிறு மட்டும்தானே.

ஒன்று மட்டும் சொல்லலாம். சிறுவன் வில்லுக்கு ‘சட்டத்தை நம்புங்கள்’ என்று கற்றுக்கொடுத்ததும் ஒரு புரொஜெக்டர்தான். திரையில் ஓடுவது மனிதனை எப்படி ஆட்டிவைக்கும் என்பதை இரண்டு பக்கமும் காட்ட நினைத்திருக்கிறார்கள். யோசனை நல்லது, செய்த விதம் அவசரம்.

கேள்வி: கேப்டன் மெட்ரோபோலிஸ் நெல்சன் வில்லை உண்மையாகவே காதலித்தாரா?

ஆசைப்பட்டார், தேவைப்பட்டபோது கூட நிற்கவில்லை. அவர்கள் உறவு காமிக்ஸிலேயே குறிப்பாக உண்டு. முகமூடி வீரர்களின் குழுவில் சேர வில்லைக் கூப்பிட்டவர், நீ கறுப்பன் என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்கிறார். சைக்ளாப்ஸ் மூட்டிவிட்ட ஹார்லெம் தியேட்டர் கலவரத்துக்குப் பிறகு வில் போன் செய்து உதவி கேட்கும்போது, அது உங்கள் ஆட்களின் பிரச்சினை என்பதுபோல் கைகழுவுகிறார். அந்த இரவு வில் தனியாகப் போய் அந்தக் கும்பலைக் கொன்றதை எல்லாம் அந்த போன் கட்டான இடத்திலிருந்துதான் நான் பார்க்கிறேன்.

கேள்வி: தொடருக்குள் வரும் ‘அமெரிக்கன் ஹீரோ ஸ்டோரி’யில் ஹூடட் ஜஸ்டிஸ் வெள்ளைக்காரர். அது எதற்கு?

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தத் தொடரில் அவர் கடையின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்து திருடர்களைத் துவைக்கிறார். வில்லின் நினைவிலோ அவரை ஒருவன் துப்பாக்கியால் சுட, உயிர் பிழைக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே குதிக்கிறார். ஊர் சொல்லும் கதையில் ஓட்டம் சாகசமாக மாறிவிட்டது, ஓடியவரின் நிறமும் மாறிவிட்டது.

கேள்வி: துல்சா போலீஸ் தலைவர் ஜட் கிராஃபோர்டை வில் கொன்றது நியாயமா?

நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஜட்டின் அலமாரியில் கிளான் அங்கி இருந்தது உண்மை. ஆனால் விசாரணை இல்லாமல் மரத்தில் தொங்கவிடுவது எது என்பது வில்லின் கழுத்துக்கே தெரியும். அதே கயிறு அவர் கையில் வந்து நிற்கிறது. எழுதிய டேமன் லிண்டலாஃபும் கார்ட் ஜெஃபர்சனும் அவரை நல்லவர் என்று மெழுகவில்லை. 2020-ல் இந்த எபிசோடுக்காக அவர்கள் வாங்கிய எம்மி விருது அந்தத் துணிவுக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: காமிக்ஸ் படிக்காமல் பார்க்கலாமா? வீட்டில் பத்து வயதுப் பையன் இருக்கிறான்.

பார்க்கலாம். பையனோடு வேண்டாம்.

கேள்வி: உங்களை மிகவும் கலங்கவைத்த காட்சி எது அக்கா?

வில்லின் சின்ன மகன் கண்ணாடி முன்னால் நின்று, அப்பா மாதிரியே முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டிருக்கும் காட்சி. அவனுக்கு அது விளையாட்டு. வில் பதறிப் போய் அவனைப் பிடித்துத் தேய்த்துத் தேய்த்துத் துடைக்கிறார். பையன் அலறுகிறான், ஜூன் ஓடி வந்து பறித்துக்கொள்கிறாள். மகனைக் கூட்டிக்கொண்டு துல்சாவுக்கே போய்விடுகிறாள். 1921-ல் எரியும் ஊரைத் தாண்டி வில் கையில் தூக்கிச் சுமந்த குழந்தைதான் இந்த ஜூன் என்பது நினைவிருக்கட்டும். அந்த ஊருக்கே திரும்பிப் போவது மேல் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

கேள்வி: ஏழாவது எபிசோடை உடனே போட்டுவிடலாமா?

ஒரு நாள் விட்டுப் பாருங்கள். முடிந்தால் அதற்குமுன் முதல் எபிசோடின் தொடக்கத்தை, தியேட்டர் காட்சியை மட்டும், இன்னொரு தடவை ஓட்டுங்கள். இந்த முறை அந்தப் பையனின் முகத்தைப் பாருங்கள்.