பொட்டலும் ஊரணியும்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டைப் பக்கம் ஒரு சிற்றூர் எங்களுடையது. ஊரணிக்கு மேற்கே உள்ள பொட்டலில் கிராவல் அள்ளுகிறார்கள். டிப்பர்கள் ராப்பகலாக ஓடுகின்றன. இரண்டு மழைக்காலமாக ஊரணி பாதிகூட நிறையவில்லை. மனு கொடுத்தால், ‘குவாரி ஊரணியில் இல்லையே’ என்கிறார்கள். வளவு வீடுகள் (செட்டிநாட்டுப் பெரிய வீடுகள்) பூட்டிக் கிடக்கின்றன, மிச்சமிருப்பது வயதானவர்கள்தான். டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து மதுரைப் பக்கம் மேலூரில் கூடிய மாதிரி கூட்டத்துக்கு நாங்கள் எங்கே போவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மேலூரைப் பார்த்து மலைக்காதீர்கள். 2025 ஜனவரி 7 அன்று மதுரைக்குத் திரண்டு வந்த கூட்டத்தைத்தான் டிவி காட்டியது. அதற்கு முன்பே கிராமசபைகள் தீர்மானம் போட்டிருந்தன. 2024 டிசம்பரில் சட்டமன்றமும் போட்டது. சுரங்கத்துக்குக் குறித்த பகுதியில் இருக்கும் அரிட்டாபட்டி 2022-லேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். ஜனவரி 23 அன்று சுரங்க ஏலத்தை ரத்து செய்தபோது, அந்தத் தலத்தைச் சொல்லி வந்த மனுக்களைத்தான் சுரங்க அமைச்சகம் காரணமாகக் காட்டியது.

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். ‘குவாரி ஊரணியில் இல்லையே’ என்ற பதிலில்தான் முடிச்சு இருக்கிறது. செட்டிநாட்டு ஊரணிகள் வானம் பார்த்தவை. செம்புராங்கல் தரையில் விழுந்த மழை சரிவைப் பிடித்து, வாரியில், அதாவது வரத்துக்காலில், இறங்கி ஊரணிக்கு வரும். முற்றத்தில் விழுந்ததை அண்டாவில் பிடித்தது போக, மிச்சத்தைத் தெருக்கால்வாய் வழியே ஊரணிக்கு அனுப்பிய ஊர்கள் இவை. குடிநீர் ஊரணியில் யாரும் கால் நனைக்க மாட்டார்கள். எடுத்து வந்த தண்ணீர் கலங்கலாக இருந்தால் பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரைத்துவிடுவார்கள், காலையில் தெளிந்திருக்கும். ஊரணிக்கு இவ்வளவு மரியாதை செய்த நாம் பொட்டலை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. வருவாய்க் கணக்கிலும் அது வெறும் தரிசு. அங்கே பொக்லைன் இருபதடி தோண்டினால், மழை அந்தக் குழியிலேயே தங்கிவிடும். கரையை ஒருவரும் தொட்டிருக்க மாட்டார்கள், ஊரணி மட்டும் காய்ந்து கிடக்கும்.

அதனால் ‘ஊரணியைக் காப்போம்’ என்று பேனர் கட்டுவதை விட்டு, பொட்டலைப் பற்றிப் பேசுங்கள். ஐப்பசியில் நல்ல மழை பிடிக்கும் நாளில் இரண்டு பேர் குடையோடு போய், தண்ணீர் எந்த இடத்தில் திசைமாறிக் குழிக்குள் இறங்குகிறது என்று செல்போனில் எடுக்கட்டும். ‘அ’ பதிவேடும் (ஊர் நிலங்களின் வருவாய்ப் பதிவேடு) புலப்படமும் (நில அளவைப் படம்) வாங்கி, வாரி போகும் சர்வே எண்களைக் குறியுங்கள். வயதானவர்கள்தான் இருக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறீர்கள். பழைய வரத்துக்கால் எந்த வேலியோரம் போனது என்று அவர்களை விட்டால் யாருக்குத் தெரியும்?

எல்லாவற்றையும் கிராமசபைத் தீர்மானமாக்குங்கள். 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்குப் பொதுவாகக் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. ஊர் வாய்திறக்க இருக்கும் இடம் அந்தச் சபைதான். சுற்றுச்சூழல் அனுமதியின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். புது அனுமதி என்றால், பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். பழையது என்றால், அதில் போட்டிருக்கும் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகக் களத்தில் சரிபாருங்கள். கிராவலே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். வரத்துப் பாதையில் வேண்டாம், அவ்வளவுதான்.

அப்புறம், சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் வளவுக்காரர்களிடம் படிக்கட்டுக்குப் பெயிண்ட் அடிக்க நன்கொடை கேட்காதீர்கள். (கேட்டால் கொடுத்துவிடுவார்கள், அதோடு கடமை முடிந்தது.) ஊரணி வெட்டிய கணக்கோ பத்திரமோ பெட்டகத்தில் கிடக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள்.

பக்கத்தில் சிவகங்கையில் மாநில அரசின் கனிம நிறுவனமான டாமின் கிராஃபைட் எடுப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கிராஃபைட், டங்ஸ்டன் போன்ற கனிமங்களின் சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு கொடுத்துவிட்டது. கிராவல் குழிக்காக நீங்கள் சேர்க்கும் படமும் சர்வே எண்ணும் நாளைக்கு அதற்கும் தேவைப்படலாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஊருக்கு வெளியே யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.